நலமே என்னும் சொல் மெய்யாகுக

இல்லறத்தார்க்கு வகுக்கப்பட்ட ஐந்து அணுவிரதங்களுள் கொல்லாமைக்கு அடுத்து நிற்பது வாய்மை. பொருளுக்காகப் பொய் சொல்வதும் பிறரைக் கெடுக்கப் பொய் சொல்வதும் தவறென்பது நம் இல்லங்களில் சிறு குழந்தைக்கும் தெரியும். ஆயின் அன்பினால் சொல்லப்படும் பொய்யொன்று உண்டு. அதனை நாம் பொய்யென்று எண்ணுவதே இல்லை. கடல் கடந்து படிக்கச் சென்ற மகனோ மகளோ வாரந்தோறும் தொலைபேசியில், "நான் நலமாக இருக்கிறேன், கவலைப்படாதீர்கள்" என்று சொல்கின்றனர். பெரும்பாலும் அது மெய்யே. சில வேளைகளில், உறக்கமின்றி, உணவு செல்லாமல், வகுப்பிற்குப் போக மனமின்றி அறைக் கதவைச் சாத்திக்கொண்டு கிடக்கும் பிள்ளையும் அதே சொற்களை அதே குரலில் சொல்கிறது. அச்சொல் பொய்யா? பொய்யெனில் அதன் வினை யாரைச் சேரும்? நம் குடும்பங்கள் இவ்வினாவை ஆராய வேண்டிய காலம் வந்துவிட்டது.

புறப்படும் பிள்ளைகள்

நாம் ஆசிரியப் பணியிலிருந்து ஓய்வுபெற்று வாழும் பென்னாகரம், தருமபுரியிலிருந்து ஒகேனக்கல் செல்லும் சாலையில் உள்ள ஊர். மழையை நம்பிய வேளாண்மை. விளைச்சல் பொய்த்தால் பெங்களூருக்கோ திருப்பூருக்கோ வேலை தேடிச் செல்வது இப்பகுதியின் பழைய வழக்கம். ஒரு தலைமுறைக்கு முன் மேற்படிப்பு என்றால் தருமபுரி, மிஞ்சினால் சேலம். இன்று இம்மாவட்டத்துப் பிள்ளைகள் மருத்துவம் பயில பிலிப்பைன்ஸ், ஜார்ஜியா, ரஷ்யா என்றும், பொறியியலும் மேலாண்மையும் பயில ஜெர்மனி, இங்கிலாந்து, அமெரிக்கா என்றும் செல்கின்றனர். வந்தவாசி, திண்டிவனம், காஞ்சிபுரம் பகுதிகளில் வாழும் நம் உறவினர் இல்லங்களிலும் இதே நிலைதான்.

இப்பிள்ளைகளின் தோளில் ஏறும் சுமையைப் பெற்றோர் முழுதும் அறிவதில்லை. மருத்துவத்தையே எடுத்துக்கொள்வோம். தேசிய மருத்துவ ஆணையம் 2021ஆம் ஆண்டு நவம்பரில் வெளியிட்ட விதிகளின்படி, வெளிநாட்டில் குறைந்தது 54 மாதப் படிப்பும், அதே நிறுவனத்தில் 12 மாதப் பயிற்சிப் பணியும் முடித்தல் வேண்டும். பின்னர் தாயகத்தில் தேர்வெழுதித் தேறி, மேலும் 12 மாதம் பயிற்சி பெறுதல் வேண்டும். இடம் பிடிக்காவிடினும் இடையில் வேறு கல்லூரிக்கு மாறுவதற்கு வழியில்லை. வீட்டிலோ நிலத்தின் பேரிலும் நகையின் பேரிலும் கடன். பயிற்சிக் காலத்தில் இரவுப் பணி, அயல்மொழி பேசும் நோயாளிகள், பிழை நேர்ந்துவிடுமோ என்ற நடுக்கம். இத்தனைக்கும் நடுவில் இருபது வயதுப் பிள்ளை தனியே நிற்கிறது. "நலமே" என்று அது சொல்வது நம்மை ஏமாற்றுவதற்கு அன்று. நம் கவலையையும் தன்மேல் ஏற்றிக்கொள்ள அதற்கு வலுவில்லை.

முன்னே சென்றவர்கள்

இத்துன்பம் இக்காலத்தின் மென்மையால் வந்தது என்பாரும் உளர். அவர்கள் முன்னோர் வரலாற்றைப் பார்த்தல் நன்று.

காந்தியடிகள் 1888ஆம் ஆண்டு செப்டம்பரில், பத்தொன்பது வயது நிறையுமுன் இலண்டனுக்குக் கப்பல் ஏறினார். அவர் தாயார் அஞ்சியபோது, புலால், மது, மாதர் ஆகிய மூன்றையும் நெருங்குவதில்லை என்ற விரதத்தை அவருக்கு அளித்தவர் பேச்சர்ஜி சுவாமி என்னும் ஜைனத் துறவி என்பதை நம்மவர் பெருமையுடன் நினைவுகூர்வதுண்டு. ஆனால் அங்குச் சென்ற தொடக்க நாள்களில் வீட்டையும் தாயையும் நினைத்து இரவெல்லாம் கண்ணீர் வடித்ததையும், அத்துயரை எவரிடமும் சொல்ல இயலாமல் தவித்ததையும் அவரே தம் சுயசரிதையில் எழுதியிருக்கிறார். நெஞ்சுறுதிக்கு உலகமே எடுத்துக்காட்டாகக் கொள்ளும் ஒருவர்க்கு இது நேர்ந்தது எனில், நம் பிள்ளைக்கு நேர்வதில் வியப்பென்ன?

அவர் வாழ்வில் மற்றுமொரு நிகழ்ச்சி நம் வினாவைத் தொடுகிறது. அவர் இலண்டனில் இருந்தபோதே தாயார் மறைந்தார். அயல்நாட்டில் அதிர்ச்சியடைவார் என்று தமையனார் அச்செய்தியை மறைத்துவிட்டார். 1891ஆம் ஆண்டு தாயகம் திரும்பிய பின்னரே அவர் அறிந்தார். தந்தையின் மறைவினும் அது பெருந்துயராயிற்று. ஆகவே கடலின் இரு கரையிலும் இந்த "நலமே" வழங்கி வந்திருக்கிறது. பம்பாயில் இறங்கிய அந்நாள்களில் அவர் சந்தித்தவர் ஸ்ரீமத் ராஜசந்திரர். பின்னர் 1894ஆம் ஆண்டில், தென்னாப்பிரிக்காவில் சமயம் பற்றிய ஐயங்களால் உள்ளம் கலங்கியபோது, காந்தியடிகள் தம் குழப்பங்களை வினாக்களாக எழுதி ராஜசந்திரருக்கு அனுப்பினார். பொறுமையாக விடையும் வந்தது. உள்ளதை உள்ளவாறு எழுத ஒருவர் இருந்தார் என்பதே அங்குச் சிறப்பு.

அவ்வாறு ஒருவர் அமையாதபோது நேர்வதற்குக் கணிதமேதை இராமானுஜன் வாழ்வு சான்று. ஈரோட்டில் பிறந்து கும்பகோணத்தில் வளர்ந்த அவர், 1914ஆம் ஆண்டு மார்ச் 17 அன்று சென்னைத் துறைமுகத்திலிருந்து புறப்பட்டார். அதே ஆண்டு முதல் உலகப்போர் மூண்டது. மரக்கறி உணவைக் கைவிடாத அவர், கேம்பிரிட்ஜில் தம் அறையில் தாமே சமைத்து, நேரம் தவறி உண்டு, குளிரிலும் தனிமையிலும் கணக்கில் மூழ்கிக் கிடந்தார். வீட்டுப் பூசல்களால் மனைவி எழுதிய மடல்கள் அவர் கைக்கு எட்டவில்லை என்று அவர் வரலாற்றை எழுதியோர் கூறுகின்றனர். அவரும் வீட்டிற்கு எழுதுவது வரவரக் குறைந்தது. நாள்தோறும் உடன் உழைத்த பேராசிரியர் ஹார்டிக்குக்கூட இது நெடுநாள் தெரியாது. 1917ஆம் ஆண்டு உடல் நோயுற்று, மருத்துவ விடுதிகளில் கிடந்தார். 1918ஆம் ஆண்டின் தொடக்கத்தில் இலண்டனில் தம் உயிரை மாய்த்துக்கொள்ள முயன்றார், நல்வினையால் பிழைத்தார்.

அப்போது காவலர் அவரைக் கைது செய்தனர். ஹார்டி விரைந்து சென்று, இவர் ராயல் சொசைட்டியின் உறுப்பினர், இவரைச் சிறைப்படுத்தலாகாது என்று கூறி மீட்டார். இராமானுஜன் அதுவரை அவ்வுறுப்பினர் ஆகவில்லை. அவ்வாண்டு மே மாதத்தில்தான் ஆனார். வானியல் அறிஞர் சந்திரசேகர் பின்னாளில் எடுத்துரைத்த செய்தி இது. இராமானுஜன் 1919ஆம் ஆண்டு தாயகம் திரும்பி, 1920 ஏப்ரல் 26 அன்று தம் 32ஆம் வயதில் காலமானார்.

அந்தச் சந்திரசேகரும் 1930ஆம் ஆண்டு, பத்தொன்பது வயதில் சென்னையிலிருந்து கேம்பிரிட்ஜ் சென்றவரே. மறு ஆண்டே தாயாரை இழந்தார், தனிமையில் சோர்ந்தார். பேராசிரியர் டிராக்கின் யோசனைப்படி ஓராண்டைக் கோபன்ஹேகனில் நீல்ஸ் போரின் நிறுவனத்தில் கழித்தார். அங்கே நட்பு கிடைத்தது, மனம் தெளிந்தது. இடத்தையும் சூழலையும் சிறிது மாற்றிக்கொள்வது தோல்வியன்று என்பதற்கு 1983ஆம் ஆண்டின் நோபல் பரிசு பெற்ற அவரே சான்று.

எது வாய்மை?

இப்போது வினாவிற்கு வருவோம். திருக்குறளின் வாய்மை அதிகாரம் தீமை பயவாத சொல்லையே வாய்மை என்று காட்டுகிறது. குற்றமற்ற நன்மை விளையுமாயின் பொய்யும் அவ்விடத்தைப் பெறும் என்கிறது. இவ்வளவுகோலால் இரு பொய்களை அளந்து பார்க்கலாம். ஹார்டி காவலரிடம் சொன்னது மெய்யன்று. ஆயின் அது ஓர் உயிரைக் காத்தது. நோயுற்ற பிள்ளை வீட்டாரிடம் சொல்லும் "நலமே" என்பதோ, சொல்லும்போது அன்பாகத் தோன்றினும், உதவி வரும் வழியை அடைத்து, சொல்பவர்க்கே கேடாய் முடிகிறது. ஆதலின் அது அளவுகோலில் நிற்கவில்லை.

பாவம் யாருடையது என்பது அடுத்த வினா. நம் ஆகமம், செய்தல், செய்வித்தல், உடன்படுதல் என்று வினை வந்து சேரும் வாயில்கள் மூன்று என்கிறது. ஆசாரியர் சமந்தபத்திரர் இரத்தினகரண்ட சிராவகாசாரத்தில் வாய்மை அணுவிரதத்தை வரையறுக்கும்போது, தான் பொய் பேசாமையோடு, பிறரைப் பொய் பேசச் செய்யாமையையும் சேர்த்தே கூறுகிறார். பெற்றோர் ஆழ்ந்து எண்ண வேண்டிய இடம் இது. "உன் படிப்புக்காகத்தான் நிலத்தை அடகு வைத்தோம்", "பக்கத்து வீட்டுப் பிள்ளை எப்படி இருக்கிறான் பார்", "இதற்கெல்லாம் அழுவார்களா" என்று ஒவ்வொரு வாரமும் நாம் சொல்லும் சொற்கள், மெய் பேசும் வாயை அடைத்துவிடுகின்றன. பிள்ளை பொய் சொல்கிறது, சொல்வித்தவர் நாமே. மெய் சொன்னால் என்ன நேருமோ என்ற அச்சத்தை வீட்டில் வளர்த்துவிட்டு, பிள்ளை மறைத்துவிட்டதே என்று பின்னர் புலம்புவதில் நீதியில்லை.

துயரமும் நோயும்

நம் முன்னோர் மனத்தின் இயல்பை நுணுகி ஆராய்ந்தவர்கள். தத்துவார்த்த சூத்திரம் தியானத்தை நான்காக வகுத்து, அவற்றுள் முதலாவதாக ஆர்த்த தியானத்தை வைக்கிறது. வேண்டாதது வந்து சேர்ந்தமை, விரும்பியது பிரிந்தமை, நோயின் வேதனை, எதிர்காலப் பயனில் ஏக்கம் என்னும் நான்கையே மனம் இடைவிடாது நினைந்து உழல்வது அது. அயல்நாட்டு மாணவர் நிலையை இந்நான்கும் அப்படியே படம்பிடிக்கின்றன அன்றோ? அந்நியமான ஊர், பிரிந்த வீடு, உடற்சோர்வு, தேர்வும் வேலையும் பற்றிய ஏக்கம்.

ஆயின் ஒன்றை மறத்தலாகாது. இது மனத்தை அறிய உதவும் விளக்கே ஒழிய, நோயுற்றவரை இகழ உதவும் சொல்லன்று. புதிய இடத்தில் சில வாரம் வாடுவது இயல்பு. நண்பர்களும் வழக்கமான வேலையும் அமைந்ததும் அது தணியும். இரண்டு வாரத்திற்கு மேல் நாள் முழுதும் சோர்வு நீங்காமல், உறக்கமும் உணவும் கெட்டு, முன்பு விரும்பியவற்றில் விருப்பம் அற்று, வாழ்ந்து என்ன பயன் என்ற எண்ணம் தோன்றுமாயின், அது மருத்துவரிடம் சொல்ல வேண்டிய நிலை. உயிரை மாய்த்துக்கொள்ளும் எண்ணம் எழுந்தால் இரண்டு வாரம் பொறுத்திருத்தல் கூடாது. அன்றே உதவி நாட வேண்டும்.

"எல்லாம் முன்வினை, ஜபம் செய், சரியாகிவிடும்" என்று சொல்வோர் உண்டு. சாமாயிகமும் ஜபமும் மனத்தை ஒருநிலைப்படுத்தும். அவற்றைக் கைவிடச் சொல்லவில்லை. ஆயின் அசாதா வேதனீய வினையால் காய்ச்சல் வந்தாலும் நாம் மருந்து உண்கிறோம். ஆகாரம், ஔடதம், சாத்திரம், அபயம் என்ற நால்வகைத் தானங்களுள் மருந்தையும் வைத்த அறம், உடலுக்கு மருந்து ஆகும், மனத்திற்கு ஆகாது என்று எங்கும் பிரித்ததில்லை. அகிம்சை பிற உயிர்க்கு மட்டும் உரியதும் அன்று. தன்னுயிரைத் துன்புறுத்துவதும் இம்சையே. துயரின் மயக்கத்தில் உயிரை விடுவதைச் சிலர் சல்லேகனையோடு ஒப்பிடக் கேட்டிருக்கிறோம். அது பெரும்பிழை. சல்லேகனை வாழ்வின் இறுதியில் பற்றும் வெறுப்பும் அற்ற தெளிவில் மேற்கொள்ளப்படுவது. இதுவோ மருத்துவத்தால் தீரும் நோயின் வேதனை.

விரதமும் வலிமையும்

நம் பிள்ளைகளுக்கென்று தனிச் சங்கடம் ஒன்று உண்டு. இலண்டனில் டிசம்பர் மாதத்தில் மாலை நான்கு மணிக்கு முன்பே சூரியன் மறையும். வகுப்போ மருத்துவமனைப் பணியோ அதற்குப் பின்தான் முடியும். இரவுணவு கொள்ளா விரதம் உடைய பிள்ளை என்ன செய்யும்? கிழங்கும் வெங்காயமும் இல்லாத உணவு விடுதியை எங்கே தேடும்? விரதம் முறிந்தது என்ற குற்றவுணர்வு தனிமையோடு சேர்ந்தால் மனம் மேலும் குன்றும்.

பதினாறு காரண பாவனைகளுள், சக்திக்கேற்ற தியாகம், சக்திக்கேற்ற தவம் என இரண்டிலும் "சக்திக்கேற்ற" என்ற சொல்லை முன்னோர் வைத்ததன் காரணம் இதுவே. புலாலும் மதுவும் விலக்கல் அடித்தளம். அதில் தளர்ச்சி வேண்டா. மற்றவற்றை இடத்திற்கும் உடல்நிலைக்கும் ஏற்ப அளவுபடுத்திக்கொள்ளப் புறப்படுமுன் பெரியோரிடம் தெளிவு பெறுதல் நலம். பருப்பு, காய், சோறு இவற்றை எளிதாகச் சமைக்க மகனுக்கும் மகளுக்கும் ஒப்பக் கற்பித்து அனுப்புக. பி 12 என்னும் வைட்டமின் தாவர உணவில் கிடைப்பதில்லை. பாலும் தயிரும் குறைந்தால் அதன் குறைவால் சோர்வும் மனவாட்டமும் வரலாம். எளிய இரத்தப் பரிசோதனையில் அது தெரிந்துவிடும். குளிர்காலத்தில் வெளிச்சம் குன்றுவதாலேயே சிலர்க்கு மனச்சோர்வு மிகும். பகலில் சிறிது நேரம் வெளியே நடப்பது நன்று. காந்தியடிகளுக்கு இலண்டன் பழகியது பாரிங்டன் தெருவில் மரக்கறி உணவகம் ஒன்றைக் கண்ட பிறகே. அங்கே வயிறு நிறைந்தது. பின்னர் மரக்கறி உணவாளர் சங்கத்தில் நண்பரும் கிடைத்தனர். விரதம் ஒருவரைத் தனிமைப்படுத்தவும் கூடும். துணை சேர்க்கவும் கூடும்.

மாணவர்க்குச் சில சொற்கள்

உதவி நாடுவது யாசகம் அன்று. இங்கிலாந்து செல்லும் மாணவர் விசாவுடன் ஆண்டுக்கு 776 பவுன் மருத்துவக் கட்டணம் முன்னரே செலுத்துகின்றனர். அங்குச் சென்றதும் அருகிலுள்ள பொது மருத்துவரிடம் பதிவு செய்துகொண்டால் மனநலத்திற்கும் அவரையே அணுகலாம். ஆஸ்திரேலியாவில் மாணவர்க்கு மருத்துவக் காப்பீடு கட்டாயம். அமெரிக்காவில் எப்-1 விசாவில் பயில்வோர், மருத்துவர் அல்லது உளவியல் நிபுணர் சான்றளித்தால், கல்லூரி அலுவலரின் முன் அனுமதியுடன், மொத்தம் 12 மாதம் வரை படிப்பின் சுமையைக் குறைத்துக்கொள்ளலாம், விசா கெடாது. இந்திய மருத்துவ விதியும் சேர்ந்த நாளிலிருந்து படிப்பு, பயிற்சி அனைத்தும் முடிக்க 10 ஆண்டு தருகிறது. ஆகவே ஓராண்டு ஓய்வெடுத்தால் வாழ்வே போயிற்று என்ற அச்சம் வேண்டா. விதிகளை அலுவலகத்தில் முறையாகக் கேட்டறிந்து முடிவு செய்க.

பெரும்பாலான பல்கலைக்கழகங்களில் ஆலோசனைப் பிரிவு உண்டு. இடர் மிகும் வேளையில் இங்கிலாந்தில் 116 123, அமெரிக்காவில் 988, ஆஸ்திரேலியாவில் 13 11 14 ஆகிய எண்களில் எந்நேரமும் பேசலாம். தாயகத்தில் 2022 அக்டோபரில் தொடங்கப்பெற்ற டெலி மானஸ் சேவையில், 14416 என்ற எண்ணில் தமிழிலேயே கட்டணமின்றிப் பேசலாம். மனம் கலங்கிய பெற்றோரும் இதனைப் பயன்படுத்தலாம். சென்னையில் 1984ஆம் ஆண்டு டாக்டர் சாரதா மேனன் நிறுவிய ஸ்கார்ப், 1986ஆம் ஆண்டு டாக்டர் லட்சுமி விஜயகுமார் நிறுவிய சிநேகா ஆகியவையும் இத்துறையில் தொண்டாற்றுபவை.

வீட்டார் அளிக்கும் அபயம்

தானங்களுள் தலையாயது அபயதானம். அஞ்சிய உயிர்க்கு "அஞ்சேல்" என்று கூறுவது அது. பறவைக்கும் விலங்கிற்கும் அதனை அளிக்கும் நாம், பெற்ற பிள்ளைக்கு அளித்திருக்கிறோமா? விமான நிலையத்தில் விடைகொடுக்கும்போது, "முடியாவிட்டால் திரும்பி வா, கடனை நாங்கள் பார்த்துக்கொள்கிறோம், நீ எங்களுக்கு வேண்டும்" என்ற சொற்களை ஒவ்வொரு பெற்றோரும் வாய்விட்டுச் சொல்ல வேண்டும். பிள்ளை தானே அறிந்துகொள்ளும் என்று விடலாகாது. அச்சொல்லைப் பெற்ற பிள்ளை பெரும்பாலும் திரும்புவதில்லை. திரும்ப வழியுண்டு என்ற துணிவிலேயே நின்று படித்து முடிக்கும். தொலைபேசியில் "நலமா?" என்று மட்டும் கேளாமல், "நேற்று எப்போது உறங்கினாய்? யாரோடு உண்டாய்?" என்று கேட்பதும் நல்லது. அக்கேள்விகளுக்கு ஒரே சொல்லில் மறைவாக விடை கூறுதல் எளிதன்று.

சமூகத்திற்கும் கடமை உண்டு. நற்காட்சியின் எட்டு அங்கங்களை அருங்கலச்செப்பு பயின்றோர் அறிவர். அவற்றுள் உபகூகனம் பிறர் குறையை மறைத்தல். ஸ்திதிகரணம் தளர்வோரை நிலைநிறுத்துதல். வாத்சல்யம் அறவோரிடம் அன்பு. படிப்பை நிறுத்தி ஒரு பிள்ளை திரும்பி வந்தால், திருமண வீட்டிலும் கோயில் முன்றிலிலும் அதனைப் பற்றிப் பேசாதிருத்தல் உபகூகனம். அதன் கையைப் பற்றி அடுத்த வழியைக் காட்டுதல் ஸ்திதிகரணம். எட்டு அங்கங்களையும் மனப்பாடமாக ஒப்பிப்போர், இவ்விரண்டையும் ஒரு பிள்ளையின் பொருட்டுச் செய்து காட்டுவாராக.

2022ஆம் ஆண்டு உக்ரைனில் போர் மூண்டபோது ஆயிரக்கணக்கான இந்திய மாணவர்களை அரசு விமானம் அனுப்பி அழைத்து வந்தது. படிப்பை நடுவில் விட்டு வந்தாயே என்று எவரும் அவர்களைப் பழிக்கவில்லை. குண்டு கண்ணுக்குத் தெரிந்தது, ஆகவே இரங்கினோம். மனத்துள் நிகழும் போர் கண்ணுக்குத் தெரியாது என்பதனால் அதற்கு இரக்கம் வேண்டா என்பது அறமாகாது. ஒகேனக்கல்லில் காவிரி பெருக்கெடுத்தால் பரிசல் ஓட்டுவதை நிறுத்திவிடுவர். அதனைக் கோழைமை என்று எவரும் சொல்லக் கேட்டதில்லை. வெள்ளம் வடிந்தபின் பரிசல் மீண்டும் ஆற்றில் இறங்கும்.

அயல்நாட்டில் வாழும் நம் பிள்ளைகள் "நலமே" என்று சொல்லும்போது அது மெய்யாக இருத்தல் வேண்டும். மெய்யாக இல்லாதபோது, "இன்று நலமில்லை" என்று அச்சமின்றிச் சொல்ல ஒரு செவி வேண்டும். வாய்மை விரதத்தை மேற்கொண்ட ஒவ்வோர் இல்லமும் அச்செவியாக விளங்குக. எல்லா உயிரும் இன்புறுக.